ஃபாஸ் நகரில் ஒரு கோடைப் பகல்

இசை கேட்கச் செல்வோர்க்கு என்ன தகுதி வேண்டும் என்ற வினா இக்காலத்தில் எழுவதில்லை. சீட்டு வாங்கப் பணமும் அமர்ந்திருக்கப் பொழுதும் இருந்தால் போதும் என்பதே பலரின் எண்ணம். முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. ஸமாஉ என்னும் இசை கேட்டலுக்குக் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றும் பொருந்தி வரவேண்டும் என்பது ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ பெருநூலில் இதற்கெனத் தனியொரு பகுதி வகுத்து, இம்மூன்றையும் விரித்துரைத்துள்ளார்கள். உணவு வந்து காத்திருக்கும் வேளையும், தொழுகை வேளையும், உள்ளம் அலையும் வேளையும் அதற்கு ஆகா. மக்கள் நடமாடும் தெருவும், கண்ணுக்கு ஒவ்வாத இடமும் ஆகா. உள்ளம் உலர்ந்தவரும், செல்வச் செருக்குடையவரும் உடனிருத்தல் ஆகா. இப்பாடத்தை மாணவர்க்குப் பல்லாண்டு நடத்தியவர் நாம். ஆயினும் ஏட்டிற் படித்ததை நாட்டிற் கண்டு ஒப்புநோக்கும் வாய்ப்பு, 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மொராக்கோ நாட்டின் ஃபாஸ் நகரில்தான் நமக்குக் கிடைத்தது.

நம்மிடம் அரபு இலக்கணம் பயின்று, பின்னர்ப் பிழைப்பை நாடி அயல்நாடு சென்ற மாணவர் ஒருவர், “ஹஸ்ரத், கராவிய்யீன் பள்ளியைத் தாங்கள் ஒருமுறையேனும் பார்க்கவேண்டும்” என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றார். நாங்கள் சென்ற வாரம், உலகத் தெய்வ இசை விழா நடைபெறும் வாரமாக அமைந்தது. இவ்விழா 1994-இல் தொடங்கப் பெற்றது. அந்நகரத்தவரும் மானிடவியல் அறிஞருமான பௌஸி ஸ்கல்லி என்பார் இதற்கு வித்திட்டவர். 1991-இல் நிகழ்ந்த வளைகுடாப் போர் மனித உள்ளங்களுக்கிடையே எழுப்பிய சுவர்களைக் கண்டு வருந்தி, பல சமயத்தாரும் தத்தம் வழிபாட்டு இசையோடு ஓரிடத்திற் கூடட்டும் என்று அவர் எண்ணியதன் பயன் இது.

ஃபாஸ் என்ற பெயர் தமிழக முஸ்லிம்களுக்குப் புதிதன்று. எனினும் அதனை நாள்தோறும் நாவால் உச்சரிப்போருட் பலர், அஃது ஓர் ஊரின் பெயர் என அறியார். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இலங்கையிலும் வேரூன்றியுள்ள ‘ஃபாஸிய்யதுஷ் ஷாதுலிய்யா’ தரீக்காவின் பெயரில் உள்ள ‘ஃபாஸி’ என்பது ஃபாஸ் நகரத்தவர் எனப் பொருள்படும். நம் ஊர்களில் வீடுதோறும் ஓதப்பெறும் ‘தலாயிலுல் கைராத்’ என்னும் ஸலவாத்துத் தொகுப்பை யாத்த இமாம் ஜஸூலி (ரஹ்) அவர்கள், 15-ஆம் நூற்றாண்டில் இந்நகரிற் கல்வி பயின்றவர்கள். ஆதலின் அயலூருக்குச் செல்கிறோம் என்ற எண்ணம் நமக்கு எழவில்லை. தாய்வழி உறவினரின் ஊருக்கு நெடுநாள் கழித்துச் செல்வது போன்றே இருந்தது.

அன்று காலையிலேயே வெயில் கடுமையாக இருந்தது. நம்மைப் போன்ற கடற்கரை ஊரார்க்கு வெயில் புதிதன்று. ஆயின் அவ்வூர் வெயிலின் இயல்பு வேறு. நம் ஊரில் காற்றில் ஈரம் மிகுதியாதலின், வியர்வை உலராது உடலோடு ஒட்டிக்கொள்ளும். வெம்மையை நாம் ஒவ்வொரு நொடியும் உணர்வோம். ஃபாஸ் உள்நாட்டு நகரம். அங்குக் காற்று உலர்ந்தது. வியர்வை அரும்பும்போதே காற்று அதனைக் குடித்துவிடுகின்றது. நமக்கு வியர்க்கவில்லை என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். நண்பகலில் தொப்பியைக் கழற்றியபோது அதன் விளிம்பில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. வியர்வை கண்ணுக்குத் தெரியாமையால் தாகமும் உடனே தெரிவதில்லை. தலை சுற்றத் தொடங்கிய பின்னரே உடலின் வறட்சி புலனாகின்றது. அவ்வூரார் இதனை அறிந்தவர்கள். சிவந்த உடையும் அகன்ற தொப்பியும் அணிந்து, மணியொலித்துக்கொண்டு, தோலாலான நீர்ப்பையும் பித்தளைக் கிண்ணங்களும் சுமந்து திரியும் தண்ணீர்க்காரர்கள் இன்றும் அங்குளர். தெருமுனைகளில் வண்ண ஓடு பதித்த பொதுக் குழாயடிகள் உள்ளன. வழிப்போக்கர்க்கு நீர் வழங்குவதை அறமாகக் கொண்ட பழைய நகரம் அது.

பழநகரின் தெருக்கள் ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுக்கமானவை. ஊர்தி எதுவும் நுழையாது. கழுதையும் கோவேறு கழுதையுமே சுமை தூக்குகின்றன. அவற்றை ஓட்டுவோர் ‘பாலக், பாலக்’ என்று கூவிக்கொண்டு வருவர். ‘பால்’ என்னும் அரபுச் சொல்லுக்கு உள்ளம், கவனம் என்பன பொருள். ‘உன் கவனம்!’ என்பதே அக்கூவல். வகுப்பறையில் நாம் பொருள் சொல்லிக் கொடுத்த சொல் ஒன்று, முதுகில் தோல்மூட்டையுடன் எதிரே ஓடிவந்து நம்மைச் சுவரோரம் ஒதுங்கச் செய்தது கண்டு மாணவர் நகைத்தார். நாம் இஃராபு பிசகாது இலக்கண அரபில் வழி கேட்டபோது, கடைக்காரர் ஒருவர் மரியாதையுடன் எழுந்து நின்று விடைகூறினார். குத்பா கேட்பதாக அவர் எண்ணினார் போலும்.

லுஹர்த் தொழுகையைக் கராவிய்யீன் பள்ளியில் தொழுதோம். பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்னும் பெருமாட்டி 859-இல் தம் பொருளைக் கொண்டு எழுப்பியது அது என வரலாறு கூறும். வெண்ணிற வளைவுகளின் நிழலில், பாயின் தண்மையில், முற்றத்து நீரூற்றின் ஒலியில் வெளியுலக வெம்மை மறைந்தது. அங்கிருந்து எழ மனமில்லாதிருந்த வேளையில்தான் மாணவர், “ஹஸ்ரத், மாலையில் தோட்டத்தில் இசை நிகழ்ச்சி இருக்கிறது. ஸலவாத்தும் கஸீதாவும் பாடுகிறார்களாம். நாம் போய் உட்காரலாமா? கூடுமா, கூடாதா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை பகர்தல் நம் போன்றோர்க்கு எளிதன்று. இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூடாதென்றோர் பெரும் அறிஞர்கள். அவர்தம் சான்றுகளும் வலியவை. வரம்புகளுடன் இடந்தந்தோரும் எளியவர் அல்லர். “தம்பி, ஃபத்வா வழங்க நாம் இங்கு வரவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சொன்ன மூன்றும் அங்கே உண்டா என்று பார்ப்போம். இல்லையேல் எழுந்து வந்துவிடுவோம்” என்றோம். அவர் மகிழ்ந்தார்.

நிகழ்ச்சி நடைபெற்ற இடம் பத்ஹா என்னும் பழைய அரண்மனை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பெற்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருங்காட்சியகமானது. அதன் தோட்டத்தில் மிகப் பெரிய கருவாலி மரம் ஒன்று நிற்கின்றது. அம்மரத்தை ஒட்டி மேடை, எதிரே நாற்காலிகள். நாங்கள் சென்றபோது மணி மூன்றரை. வெயில் தணியவில்லை. முன்னரே வந்தவர்கள் மரநிழலில் இடம் பிடித்திருந்தனர். பின்வந்த எங்களுக்கு வெயிலே கிடைத்தது.

இங்கு நாம் கண்ட ஒன்றைக் கூறவேண்டும். கதிரவன் மேற்கே சாயச் சாய, நிழல் கிழக்கே நகர்ந்தது. மூன்றரை மணிக்கு நிழலில் இருந்தோர் நாலேகாலுக்கு வெயிலில் இருந்தனர். வெயிலில் இருந்தோரை நிழல் வந்தடைந்தது. முந்தி வந்தோர் சிலர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலைத் துரத்தினர். அதனாற் சிறு பூசலும் எழுந்தது. பட்டுச் சட்டையணிந்த ஒருவர் பணியாளரை அழைத்து, தம் இருக்கை எண்ணைக் காட்டி, தாம் விலை கொடுத்தது நிழலுக்கே என வாதிட்டார். அவருக்கு அருகிலேயே மற்றொரு காட்சி. வெள்ளை ஜலாபிய்யா அணிந்த நடுவயதினர் ஒருவர், தம்மை வந்தடைந்த நிழலைத் தாம் கொள்ளாது, வெயிலில் முகஞ்சிவந்து அமர்ந்திருந்த அயல்நாட்டு மூதாட்டியை அழைத்துத் தம் நாற்காலியில் அமர்த்தினார். தாம் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். இருவர்க்கும் பொதுமொழி இல்லை. கையைக் காட்டினார், அம்மையார் தலையசைத்தார். அவ்வளவே. தோழர் எத்தகையோர் என்பதை அறிய நமக்கு வேறு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை.

முதலில் அந்தலூஸ் இசை. இதன் வரலாறு நெடிது. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து குர்துபா நகர் சென்ற இசைவல்லார் ஸிர்யாப் அவர்களை இம்மரபினர் தம் முன்னோராகப் போற்றுகின்றனர். அந்தலூஸில் முஸ்லிம்களின் ஆட்சி 1492-இல் கர்னாதாவின் வீழ்ச்சியோடு முடிவுற்றபோது, கடல் கடந்த குடும்பங்கள் பொன்னையும் நிலத்தையும் இழந்தனவேனும், பாட்டை இழக்கவில்லை. வட ஆப்பிரிக்க நகரங்கள் அவற்றைக் காத்தன. ‘நவ்பா’ எனப்படும் பெருந்தொகுதிகளில் இன்று மொராக்கோவில் எஞ்சியவை பதினொன்று. ஒவ்வொன்றும் ஐந்து தாள நடைகளில் அமைவது. ஒவ்வொரு நடையும் மெல்லத் தொடங்கி விரைந்து முடிவது. அவற்றுள் ‘ரமலுல் மாயா’ என்னும் நவ்பா முழுதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ்ப்பாக்களாலேயே ஆனது.

ஊதும் ரபாபும் தஃப்பை யொத்த தர்ருவும் முழங்கின. வயலினை அவர்கள் தோளில் வைப்பதில்லை. முழங்காலின்மீது செங்குத்தாக நிறுத்தி வாசிக்கின்றனர். நம் நாட்டு வித்துவான்கள் தரையில் அமர்ந்து, வயலினை மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையில் சார்த்தி வாசிப்பது நினைவுக்கு வந்தது. ஐரோப்பாவில் நின்றுகொண்டு வாசிக்கும் கருவியை, இரு வேறு நாட்டார் தத்தம் இருக்கைக்கு ஏற்பப் பணியவைத்துள்ளனர். வந்த பொருளைத் தனதாக்கிக் கொள்வதே உயிருள்ள மரபின் இலக்கணம்.

அடுத்து, வெண்ணிற ஆடையும் செந்தொப்பியும் அணிந்த முதியவர் பன்னிருவர் மேடையேறினர். கருவி எதுவும் இல்லை, குரல் மட்டுமே. அவர்கள் தொடங்கியது ‘கஸீதத்துல் புர்தா’. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸீரி (ரஹ்) அவர்கள் வாதநோயுற்றிருந்தபோது யாத்த காப்பியம் அது என்பதும், நம் இல்லங்களில் நோயுற்றோர் அருகிலும் ரபீஉல் அவ்வல் மாதத்திலும் அஃது ஓதப்பெறுவதும் வாசகர் அறிந்தவையே. நம் உம்மா அவர்கள் அதனை எழுத்துக்கூட்டிப் படிக்க அறியார். ஆயின் முழுதும் மனனம். அம்மையார் ஓதிய மெட்டு ஒன்று. இங்கே பாடப்பெற்ற மெட்டு முற்றிலும் வேறு. எனினும் சொல் ஒன்றே. அடுத்த அடி எதுவென்று நம் நா முன்னரே அறிந்திருந்தது. ஐயாயிரம் கல்லுக்கு அப்பால், முன்பின் அறியாத முதியவர்களின் வாயிலிருந்து நம் உம்மாவின் குரல் வந்தது போன்று இருந்தது. வெயில் சுட்டதோ, உடல் வறண்டதோ நமக்கு அப்போது தெரியவில்லை.

பாட்டு நடுவே நகரத்தின் மினாராக்களிலிருந்து அஸர்த் தொழுகைக்கான பாங்கொலி எழுந்தது. ஒன்றையடுத்து ஒன்றாகப் பல திசைகளிலிருந்தும் அது வந்தது. முதியவர்கள் அடியின் இடையிலேயே நிறுத்திவிட்டனர். பாங்கு முடியும்வரை அவர்தம் உதடுகள் மட்டும் அசைந்தன. நிகழ்ச்சி முடிந்துவிட்டதாகக் கருதிச் சிலர் கைதட்டினர். பின்னர் நிலைமை உணர்ந்து அடங்கினர். பாங்கு முடிந்ததும், நிறுத்திய சொல்லிலிருந்தே பாட்டு தொடர்ந்தது.

இறுதியில் நிகழ்ந்ததே நம் நெஞ்சில் நிலைத்தது. பாட்டு நிறைவுற்றதும் அவையோரிற் பெரும்பாலோர் எழுந்து நின்று ஆரவாரத்துடன் கைதட்டினர். அவர்களைக் குறைகூற இடமில்லை. நன்றி கூற அவர்கள் அறிந்த முறை அதுவே. மேடையிலிருந்த முதியவர்கள் தலைவணங்கவில்லை, முறுவலிக்கவும் இல்லை. இரு கைகளையும் ஏந்தி ஃபாத்திஹா ஓதத் தொடங்கினர். அவையில் இருந்த ஊரார் அனைவரும் கையேந்தினர். ஒருபுறம் கைதட்டல், மறுபுறம் துஆ. இரண்டும் சிறிது நேரம் ஒன்றோடொன்று மோதின. பின்னர்க் கைதட்டல் ஒவ்வொரு வரிசையாகக் குறைந்து ஓய்ந்தது. கைதட்டிய கைகளிற் சில கீழே இறங்காது, பக்கத்தில் இருந்தோரைப் பார்த்து அப்படியே விரிந்து நின்றன. அந்த மூதாட்டியின் கைகளும் அவற்றுள் இருந்தன.

அஸர் தொழுதபின் மாணவர் நம்மிடம் மற்றொரு வினா எழுப்பினார். “ஹஸ்ரத், வீட்டில் ஒளூச் செய்து ஓதவேண்டியதைச் சீட்டு விற்று மேடையில் பாடுகிறார்களே, இது முறையா?” என்றார். வினாவில் நியாயம் உண்டு. திக்ரு காட்சிப் பொருளாகிவிடும் என்னும் அச்சம் வெறும் அச்சமன்று. விழாவின் பெரிய நிகழ்ச்சிகள் பாபுல் மகீனாவின் உயர்ந்த மதில்களுக்கிடையே இரவில் நடைபெறுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் படைக்கலத் தொழிற்சாலையாக இருந்த இடம் அது. படைக்கலம் செய்த இடத்தில் பாட்டு ஒலிப்பது நல்ல மாற்றமே. ஆயினும் அங்கு நுழைவதற்கான கட்டணம், நகரத்தின் தோல் தொழிலாளிக்கும் செப்புக்கொல்லர்க்கும் எட்டாத ஒன்று. பகல் நிகழ்ச்சியின்போதே, தோட்டத்து மதிலுக்கு வெளியே நிழலில் குந்தியிருந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த சிலரை நாம் கண்டோம். எவருடைய பாட்டனார் காத்துவந்த பாட்டோ, அவரே மதிலுக்கு வெளியே இருக்கும் நிலை எந்த ஊரிலும் எந்த விழாவிலும் வருந்தத்தக்கதே.

இக்குறையை விழா நடத்துவோரும் அறிவர் போலும். அவ்வாண்டு பூஜ்லூத் சதுக்கத்தில் கட்டணமின்றி இசை நிகழ்ச்சிகள் இருந்தன. தாருத் தாஸி என்னும் பழைய மாளிகையின் முற்றத்தில் நள்ளிரவை ஒட்டி நடைபெற்ற தரீக்காவினரின் இரவு மஜ்லிஸுக்கும் கட்டணம் இருக்கவில்லை. இஷாத் தொழுதுவிட்டு அங்குச் சென்றோம். பகலெல்லாம் வெயிலை உண்ட சுவர்கள் அப்போதும் வெம்மையை உமிழ்ந்தன. பாய் விரித்த தரையில் ஊரார் குடும்பத்தோடு அமர்ந்திருந்தனர். குழந்தைகள் உறங்கின. புதினாவிட்ட தேநீர் சுடச்சுட வழங்கப்பெற்றது. அது குடித்தபின் உடல் குளிர்ந்ததை நாமே கண்டோம்.

நம் அருகில் அமர்ந்திருந்த முதியவர், “எந்த நாடு?” என வினவினார். “ஹிந்து நாடு, அதன் தென்கோடி” என்றோம். மேலும், நம் ஊர்ப்பக்கம் ஃபாஸியின் பெயரால் ஸாவியாக்கள் உண்டென்றும், வாரந்தோறும் அங்கு திக்ரு மஜ்லிஸ் கூடுகிறதென்றும் சொன்னோம். அவர் நம்பாதவர் போல் நம்மை நெடுநேரம் நோக்கினார். பின்னர் மஜ்லிஸில் புர்தா தொடங்கியபோது, நம் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் உடன் ஓதுவது கண்டு, எதுவும் பேசாது, தம் தேநீர்க் குவளையை நம் முன் நகர்த்தி வைத்தார்.

மாணவரின் வினாவுக்கு நாம் கண்ட விடை இதுதான். மேடை ஒரு பாட்டை வணிகமாக்கவும் கூடும். ஒரு மேடையிலேயே அது துஆவாக நிலைத்து நிற்கவும் கூடும். அதனை முடிவு செய்வது மேடையன்று. பாடுவோரின் நிய்யத்தும், கேட்போரின் ஒழுக்கமும், இவ்விரண்டையும் இறுகப் பற்றிநிற்கும் ஊராரின் பழக்கமும் ஆகும். ஊர் மறந்துவிட்டதை மேடை காப்பாற்றாது. ஊர் காப்பாற்றுவதை மேடை எளிதில் அழித்துவிடவும் இயலாது. அந்த முதியவர்கள் கைதட்டலுக்கு நடுவே கையேந்தியது, வீட்டிலும் ஸாவியாவிலும் ஆயிரம் முறை கையேந்திய பழக்கத்தால்.

இவ்வளவும் எழுதுவதன் நோக்கம் ஃபாஸைப் புகழ்வதன்று. நம் தமிழகத்திலும் நம் வீட்டுப் பெண்மக்கள் ஓதிவந்த மெட்டுக்கள் உண்டு. மௌலிதும் முனாஜாத்தும் புர்தாவும் ஊருக்கு ஊர் வேறு வேறு ராகத்தில் ஒலித்தன. அவற்றை அறிந்த மூத்தோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். சொல் அச்சில் இருக்கின்றது; ஆதலின் அழியாது. மெட்டு மூச்சில் அன்றோ இருக்கின்றது! அதனைக் கற்பதற்கு விழாவும் வேண்டா, மேடையும் வேண்டா. வீட்டில் பாட்டியார் இருப்பாராயின், அவர் அருகே ஒரு மாலைப்பொழுது பேரப்பிள்ளை அமர்ந்தாற் போதும். ஜுனைது (ரஹ்) அவர்கள் கேட்ட காலமும் இடமும் தோழரும் அங்கேயே உள்ளன.